கியர் ராடைக் குறைத்தால் லாபமா, நஷ்டமா?

ஓசூர் பஸ் நிலையம். அதிகாலை நேரம். நல்ல குளிர்.

கிருஷ்ணகிரிக்குப் புறப்படும் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் ஏறி உட்காருகிறார். அவருக்கு இடது கைப் பக்கம் ஒரு நீளமான இரும்புக் கம்பி. அதன் தலையில் ஓர் உருண்டைக் குமிழ். என்ஜின் நடுங்குகிறது. கம்பியும் சேர்ந்து நடுங்குகிறது.

டிரைவர் கிளட்சை மிதிக்கிறார். கம்பியைப் பிடித்து முன்னால் தள்ளுகிறார். தோள் அசைகிறது. உடம்பே சற்று முன்னால் சாய்கிறது. "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். பஸ் நகருகிறது.

முன் சீட்டில் இருக்கும் சிறுவன் கண் கொட்டாமல் அந்தக் கம்பியையே பார்க்கிறான். நாமும் சிறு வயதில் அப்படிப் பார்த்தவர்கள்தான்!

அதே சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் பக்கமிருந்து சில ஸ்போர்ட்ஸ் கார்கள் வரும். தரையோடு தரையாகப் படுத்து ஓடும் கார்கள். அவற்றில் கையால் கியர் போடும் வண்டி ஒன்றை எட்டிப் பாருங்கள். அதிலும் அதே கம்பிதான். ஆனால் கைக்கு அடக்கமாக, குட்டையாக இருக்கும். ஓட்டுகிறவர் தோளை அசைப்பதில்லை. மணிக்கட்டை மட்டும் அசைக்கிறார். "டக்." கியர் விழுந்துவிட்டது.

இரண்டும் செய்வது ஒரே வேலை. ஒன்று ஏன் நீளம்? இன்னொன்று ஏன் குட்டை? நீளமானதைக் குட்டையாக்கினால் நம் வண்டியும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பணத்தை விடுகிறவர்கள் உண்டு. வண்டியைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆகவே கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

ஓர் அப்பா, ஒரு மகன்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகன் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மிச்சம் பிடித்து ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருக்கிறான். அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்.

காரின் கியர் கம்பி ஆடுகிறது. மூன்றாவது கியர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

"அப்பா, இந்த ராடை எடுத்துட்டு ஸ்போர்ட்ஸ் கார் ராடு போடப் போறேன். குட்டையா இருக்கும். சட்டுனு கியர் விழும்" என்கிறான் மகன்.

"ஏண்டா கண்ணு, ராடு நீளமா இருக்கிறதாலயா ஆடுது?" என்று கேட்கிறார் அப்பா.

அப்பா கேட்டது நல்ல கேள்வி. அதற்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது.

கியர் எதற்கு?

மலை ஏறும்போது எப்படி நடக்கிறோம்? சின்னச் சின்ன அடியாக எடுத்து வைக்கிறோம். சமதரையில் எட்டி நடக்கிறோம். மலையில் எட்டி நடந்தால் மூச்சு வாங்கும்.

என்ஜினுக்கும் அப்படித்தான். வண்டி புறப்படும்போதும், மேட்டில் ஏறும்போதும் அது சின்ன அடி வைக்க வேண்டும். அதுதான் முதல் கியர், இரண்டாவது கியர். வேகம் பிடித்த பிறகு எட்டி நடக்கலாம். அதுதான் நான்காவது, ஐந்தாவது கியர்.

கியர் பெட்டிக்குள் சின்னதும் பெரியதுமாகப் பல் சக்கரங்கள் இருக்கின்றன. எந்த ஜோடி வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுவது நம் கையில் இருக்கும் கம்பி. மெக்கானிக்குகள் அதைக் "கியர் ராடு" என்பார்கள்.

கார் பிறந்த காலத்தில் இந்த உத்தரவு போடுவது பெரிய வித்தையாக இருந்தது. 1890-களில் பிரான்ஸ் நாட்டில் பானார் - லெவாசோர் கம்பெனி நகரும் பல் சக்கரங்கள் கொண்ட கியர் பெட்டியைக் காரில் வைத்தது. சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரத்தை இன்னொன்றின் மேல் தள்ளிப் பல்லோடு பல் கோக்க வேண்டும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் பல் நொறுங்கும்.

1901-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்ற என்ஜினீயர் உருவாக்கிய மெர்சிடிஸ் கார் வந்தது. கம்பி மேலும் கீழும், இடமும் வலமும் போவதற்குச் சந்து வெட்டிய தடம் அதில் இருந்தது. இன்று நாம் கியர் போடும் முறை அந்த வழியில் வந்ததுதான்.

1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனி இன்னொரு படி மேலே போனது. கியர் பல் கோப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்தின் வேகத்தையும் உரசி உரசிச் சமமாக்கும் ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தது. அதற்கு "சிங்க்ரோமெஷ்" என்று பெயர். இப்போதைய கார்களில் இந்த வேலையைச் செய்வது பித்தளை போன்ற உலோகத்தில் செய்த ஒரு வளையம். இந்த வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வருகிறது.

பழைய லாரிகளில் இந்த வளையம் கிடையாது. டிரைவரே வேகத்தைச் சமமாக்க வேண்டும். கிளட்சை ஒரு தரம் மிதித்து நியூட்ரலுக்கு வருவார். காலை எடுப்பார். கீழ்க் கியருக்கு வருவதானால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார். மறுபடி கிளட்சை மிதித்துக் கியர் போடுவார். அதைத்தான் "டபுள் கிளட்ச்" என்பார்கள். நம் கதையில் வரும் அப்பா அதில் கைதேர்ந்தவர். அவர் காதாலேயே கியர் போடுவார்!

கடப்பாரைக் கணக்கு

சரி, கம்பிக்கு வருவோம்.

தோட்டத்தில் ஒரு பாறாங்கல். கையால் தூக்க முடியாது. கடப்பாரையை அடியில் கொடுத்து, ஒரு சின்னக் கல்லை முட்டுக் கொடுத்து, மறுமுனையை அழுத்துகிறோம். பாறை அசைகிறது.

முட்டுக் கல்லிலிருந்து நம் கை எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு சுலபம். ஆனால் கை அதிக தூரம் போக வேண்டும். பாறை கொஞ்சம்தான் அசையும்.

கியர் ராடு ஒரு சின்னக் கடப்பாரை. நடுவில் ஒரு பந்து போன்ற மூட்டு. அதுதான் முட்டுக் கல். மூட்டுக்கு மேலே இருக்கும் பகுதி நம் கையில். மூட்டுக்குக் கீழே இருக்கும் பகுதி கியர் பெட்டியைத் தள்ளுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். மூட்டுக்கு மேலே 24 செ.மீ. கீழே 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ளது கீழே உள்ளதைப்போல் 4 மடங்கு. கியர் விழுவதற்குக் கீழ் முனை 2 செ.மீ. நகர வேண்டுமானால், நம் கை 8 செ.மீ. போக வேண்டும். கீழே 12 கிலோ விசை தேவையானால், நம் கை 3 கிலோ விசை கொடுத்தால் போதும்.

இப்போது ராடை மாற்றுகிறோம். மூட்டைச் சற்று உயர்த்துகிறோம். கீழ்ப் பகுதி 8 செ.மீ. ஆகிறது. தலையிலும் குறைக்கிறோம். மேல்பகுதி 20 செ.மீ. ஆகிறது. இப்போது இரண்டரை மடங்குதான். கை 5 செ.மீ. போனால் போதும். கியர் விழுந்துவிடும்!

ஆனால் விசை? 3 கிலோ போதாது. 4.8 கிலோ கொடுக்க வேண்டும்.

எட்டை மூன்றால் பெருக்குங்கள். 24 வருகிறது. ஐந்தை 4.8-ஆல் பெருக்குங்கள். அதுவும் 24!

உழைப்பு குறையவில்லை. தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் கொடுத்துவிட்டோம். கடையில் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதுபோல்தான் இதுவும். இயற்கை யாருக்கும் இனாம் கொடுப்பதில்லை.

பஸ்ஸின் கம்பி ஏன் நீளம் என்பது இப்போது புரிந்திருக்கும். பஸ்ஸின் கியர்கள் பெரியவை, கனமானவை. ஒரு நாளில் எத்தனையோ முறை கியர் மாற்ற வேண்டும். நீளக் கம்பி இல்லாவிட்டால் டிரைவரின் கை ஓய்ந்துவிடும். அங்கே நீளம்தான் சௌகரியம்.

ஸ்போர்ட்ஸ் காரில் கியர்கள் சின்னவை. வளைவுக்கு வளைவு சட்டென்று கியர் மாற்ற வேண்டும். அங்கே தூரம்தான் எதிரி. ஆகவே குட்டைக் கம்பி.

எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த வேலைக்கு எது என்பதுதான் கேள்வி.

சென்னையில் பிறந்த அண்ணன்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு.

1961-ம் ஆண்டு முதல் சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி ஒரு கார் செய்து விற்றது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சின்னக் கார். முன்பக்கம் முழுவதும் பெட்டியைத் திறப்பதுபோல் தூக்கலாம். அடியில் இருக்கும் என்ஜின், சக்கரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சின்ன வட்டத்திலேயே திரும்பும்.

அந்தக் காலத்து அம்பாசடரிலும் பியட்டிலும் கியர் கம்பி எங்கே இருந்தது? ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில். முன் சீட்டில் மூன்று பேர் உட்கார அது வசதி. ஹெரால்டில் அது தரையிலிருந்து எழுந்து நின்றது. ஸ்போர்ட்ஸ் கார்களின் வழக்கம் அது.

காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி 1959-ல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. அதன் அடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கி 1962-ல் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியைச் சேர்ந்த மிக்கெலோட்டி. ஆகவே உலகம் மெச்சிய அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை நம் சென்னை ஹெரால்டு!

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வியாதியும் உண்டு. கியர் கம்பிக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் ஒரு நீட்டுக் குழாய். அதன் மூட்டுகளில் சின்னச் சின்ன புஷ்கள். நாளடைவில் அவை தேய்ந்துவிடும். கம்பி கிலுகிலுப்பை மாதிரி ஆடும். புது புஷ் போட்டால் கம்பி மறுபடி நிமிர்ந்து நிற்கும். பழைய கார் பிரியர்கள் இன்றும் செய்கிற வைத்தியம் இது.

முதலில் புஷ், பிறகு புதுசு

இப்போது நம் மகனின் காருக்கு வருவோம். அவன் கார் ஆடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ராடு நீளம் என்பதால் அது ஆடவில்லை. மூட்டுத் தேய்ந்ததால் ஆடுகிறது!

மூட்டுத் தேய்ந்த கம்பியைக் குட்டையாக்கினால் என்ன ஆகும்? ஆட்டம் போகாது. அசைவும் குறைந்துவிட்டபடியால் எந்தக் கியர் எங்கே என்று கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டமாகும். மூன்றாவது போட நினைத்து முதல் கியர் போட்டுவிடலாம். வேகத்தில் அப்படிப் போட்டால் என்ஜின் சக்திக்கு மீறிச் சுற்றும். என்ஜினே பாழாகலாம்.

ஆகவே நல்ல மெக்கானிக் இந்த வரிசையில்தான் பார்ப்பார்.

ஒன்று: குமிழ் இறுக்கமாக இருக்கிறதா? சில சமயம் குமிழ் மட்டும்தான் ஆடும்.

இரண்டு: மூட்டில் உள்ள புஷ்கள் தேய்ந்திருக்கின்றனவா? தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். புது ராடை விட இதற்குச் செலவு மிகக் குறைவு.

மூன்று: கியர் பெட்டியில் எண்ணெய் சரியாக இருக்கிறதா? பழசாகிவிட்டால் மாற்ற வேண்டும். ஓசூர்க் குளிரில் காலையில் கியர் இறுகுவதற்கு எண்ணெயின் தடிப்பும் ஒரு காரணம்.

நான்கு: கிளட்ச் முழுவதும் விடுகிறதா? விடாவிட்டால் எந்த ராடு போட்டாலும் கியர் உரசும்.

ஐந்து: என்ஜினையும் கியர் பெட்டியையும் தாங்கும் ரப்பர்கள் நன்றாக இருக்கின்றனவா? அவை கிழிந்தால் பெட்டியே ஆடும். பெட்டி ஆடினால் கம்பியும் ஆடும்.

இந்த ஐந்தும் சரியான பிறகும் "தூரம் அதிகம்" என்று தோன்றினால், அப்போது ராடைப் பற்றி யோசிக்கலாம்.

மாற்றுவது எப்படி?

எல்லாக் கார்களிலும் ஒரே முறை இல்லை.

பின் சக்கரத்தைச் சுழற்றும் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் கியர் பெட்டி ஓட்டுகிறவரின் பக்கத்திலேயே நீளவாக்கில் இருக்கிறது. ராடு நேராக அதன் தலையில் நிற்கும். 1989-ல் ஜப்பானின் மஸ்தா கம்பெனி கொண்டுவந்த எம்.எக்ஸ்.5 அப்படிப்பட்டது. அதன் கியர் விழும் சுகத்தை உலகமெங்கும் புகழ்கிறார்கள்.

அதில் மாற்றுவது இப்படி: குமிழைத் திருகிக் கழற்றுகிறார்கள். தோல் உறையைத் தூக்குகிறார்கள். அதன் கீழே ரப்பர் உறை. அது கிழிந்திருந்தால் அடியிலிருந்து வெப்பமும் சத்தமும் உள்ளே வரும். ஆகவே புதிது போடுகிறார்கள். பிறகு மூட்டைப் பிடிக்கும் தட்டைக் கழற்றி ராடை மேலே உருவுகிறார்கள். மூட்டு உட்காரும் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதிது விடுகிறார்கள். புது புஷ், புது ராடு. மறுபடி மூடுகிறார்கள்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்கள் முன் சக்கரத்தைச் சுழற்றுகிறவை. அவற்றில் கியர் பெட்டி முன்னால் என்ஜினோடு குறுக்காக இருக்கிறது. பல கார்களில் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு கேபிள்கள். ஒன்று முன்னும் பின்னும் தள்ளும். இன்னொன்று இடமும் வலமும் நகர்த்தும். இங்கே ராடை மட்டும் பார்த்தால் போதாது. கேபிளும், கேபிள் முனையில் இருக்கும் கையும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

சிலர் ரம்பத்தை எடுத்து ராடின் தலையை அறுத்துவிட்டுக் குமிழை மாட்டுகிறார்கள். இது வேண்டாத வேலை. மரை சரியாக விழாவிட்டால் குமிழ் ஓட்டத்தில் கையோடு வந்துவிடும்.

எதை மாற்றினாலும் கடைசியில் ஒரு சோதனை அவசியம். என்ஜினை நிறுத்திவிட்டுக் கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் முழுதாக விழுகிறதா? பாதி விழுந்த கியர் ஓட்டத்தில் கழன்றுகொள்ளும். ரிவர்ஸ் கியருக்கு இருக்கும் தடை ஒழுங்காக வேலை செய்கிறதா? முன்னால் போகும் வண்டியில் தப்பித் தவறி ரிவர்ஸ் பக்கம் கை போகக்கூடாது. அதற்குத்தான் அந்தத் தடை.

உலக்கையும் குமிழும்

குமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் கனமான உலோகக் குமிழ் போடுகிறார்கள். அழகுக்கு மட்டும் அல்ல.

நெல் குத்தும் உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். கனமாக இருப்பதால் அதன் வேகமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கனமான குமிழும் அப்படித்தான். கை ஒரு தரம் தள்ளிவிட்டால் அதன் ஓட்டம் கியரை உள்ளே கொண்டுபோய் விடும். குட்டை ராடில் கூடும் விசையை இது ஓரளவு மறைக்கும்.

ஆனால் கிருஷ்ணகிரி மாங்காய்க் காலத்து வெயிலில் காரை நிறுத்திவிட்டு வந்து உலோகக் குமிழைத் தொட்டுப் பாருங்கள். கை பொசுங்கும்! தோல் சுற்றிய குமிழ் உத்தமம்.

வளையம் கேட்கும் கூலி

முன்னே சொன்ன சிங்க்ரோ வளையம் இப்போது வருகிறது. வேகத்தைச் சமமாக்க அதற்கு ஒரு கண நேரம் வேண்டும். நீள ராடில் கை போகும் நேரமே அதற்குப் போதும். குட்டை ராடில் "டக்" என்று அடித்தால் நேரம் போதாது. வளையம் தன் உடம்பைத் தேய்த்துத்தான் அந்தக் கூலியைக் கொடுக்கும். நாள் கழித்துக் கியர் "கர்" என்று கத்தத் தொடங்கும். அப்போது பெட்டியையே இறக்க வேண்டும்.

ஆகவே குட்டை ராடு போட்டவர் கையில் நிதானம் வேண்டும். கியரைக் குத்தக்கூடாது. வழிகாட்டிவிட்டு உள்ளே போக விட வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். ஓட்டும்போது சிலர் கையைக் குமிழின் மேலேயே வைத்திருப்பார்கள். அந்தக் கையின் பாரம் பெட்டிக்குள் இருக்கும் கவட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். அதுவும் தேய்மானம்தான்.

ஓசூரின் கால் கியர்

கியர் விஷயத்தில் ஓசூருக்கே ஒரு தனிச் சரித்திரம் உண்டு.

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. அதில் கியரே கிடையாது! முறுக்கினால் போகும். பால்காரரும் பூக்காரரும் வாத்தியாரும் அதில் ஏறிப் போனார்கள். அதே 1980-ல் அசோக் லேலண்டின் தொழிற்சாலையும் ஓசூரில் தொடங்கியது. அங்கே நீள ராடு போட்ட கனரக வண்டிகள்.

1984-ல் ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து 100 சி.சி. மோட்டார் சைக்கிள் வந்தது. கையால் அல்ல, காலால் கியர் போடும் வண்டி. 2013-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.வோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. 2017 டிசம்பரில் ஆறு கியர் கொண்ட அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்ற பந்தய ரக மோட்டார் சைக்கிள் வந்தது.

2024-ல் வந்த அதன் புதிய ரகத்தில் ஒரு நூதன ஏற்பாடு உண்டு. கிளட்சைப் பிடிக்காமலே கியரை மேலும் போடலாம், கீழும் போடலாம். கால் கியரை அழுத்துவதை ஒரு கருவி உணர்ந்துகொள்கிறது. மேல் கியருக்குப் போகும்போது கண் இமைக்கும் நேரத்துக்கு என்ஜினின் சக்தியை நிறுத்துகிறது. பல் மேல் உள்ள பாரம் போய்விடுகிறது. கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது. கீழே வரும்போது என்ஜினின் வேகத்தைத் தானே உயர்த்திக் கொடுக்கிறது. அப்பா காதால் கேட்டுச் செய்த டபுள் கிளட்ச் வித்தையை இங்கே ஒரு கருவி செய்கிறது!

பந்தயக் கார்களில் இந்த மாற்றம் முன்பே வந்தது. 1989-ல் பெராரி பந்தயக் காரில் ராடு மறைந்தது. ஸ்டீரிங்குக்குப் பின்னால் இரண்டு தகடுகள் வந்தன. ஒன்றை இழுத்தால் மேல் கியர். மற்றதை இழுத்தால் கீழ்க் கியர். 2005-ல் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டியபோது அவர் கையில் ராடு இல்லை. தகடுதான் இருந்தது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்போது பாட்டரியில் ஓடும் ஸ்கூட்டர்களும் செய்கிறார்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றில் ராடும் இல்லை, கிளட்சும் இல்லை. டி.வி.எஸ். 50-ல் தொடங்கிய வட்டம் மறுபடி கியர் இல்லாத வண்டிக்கே வந்து நிற்கிறது!

இறக்கத்தில் எமன்

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம்.

ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி தாழ்வில் இருக்கிறது. சூளகிரி, மேலுமலை வழியாகச் சாலை இறங்குகிறது. கிருஷ்ணகிரியையும் தர்மபுரியையும் தாண்டிச் சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

இறக்கத்தில் சிலர் கியரை எடுத்து நியூட்ரலில் விடுவார்கள். டீசல் மிச்சம் என்று எண்ணம். இதைவிடப் பெரிய தவறு இல்லை.

கியரில் இருக்கும்போது சக்கரத்தை என்ஜின் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறது. மாட்டின் மூக்கணாங்கயிறு நம் கையில் இருப்பது மாதிரி. நியூட்ரலில் போட்டதும் கயிற்றை விட்டுவிட்டோம். பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். பிரேக் சூடேறுகிறது. சூடேறிய பிரேக் பிடிப்பதில்லை. வேகம் ஏறிய பிறகு மறுபடி கியர் போடலாம் என்றால், அந்த வேகத்தில் கீழ்க் கியர் விழாது.

மேட்டில் எந்தக் கியரில் ஏறுவோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். இது பழைய டிரைவர்களின் பாடம். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கீழ்க் கியருக்கு வந்துவிட வேண்டும்.

எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து ராடு மாற்றினாலும், இந்த ஒரு பாடத்துக்கு ஈடாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுப் புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. ஆகவே பெரிய மாற்றம் எதையும் செய்வதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புது வண்டியானால், கம்பெனியின் உத்தரவாதம் போய்விடுமா என்றும் விசாரியுங்கள்.

அப்பா சொன்ன முடிவு

நம் கதையின் மகன் என்ன செய்வான்? அப்பாவோடு மெக்கானிக்கிடம் போவான். புஷ் மாற்றுவார்கள். எண்ணெய் மாற்றுவார்கள். ராடு நிமிர்ந்து நிற்கும். மூன்றாவது கியர் தேடாமலே கிடைக்கும்.

"இனி குட்டை ராடு வேணுமாடா கண்ணு?" என்பார் அப்பா.

"யோசிக்கிறேன் அப்பா" என்பான் மகன்.

யோசிக்கட்டும். ஆசைப்படுவதில் தவறில்லை. நல்ல குட்டை ராடு கைக்குச் சுகம்தான். ஆனால் அது என்ன கொடுக்கிறது, என்ன வாங்கிக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டு போடட்டும்.

அதற்கு முன்னால் ஒரு நாள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலுமலை இறக்கத்தில் இரண்டாவது கியரில் நிதானமாக இறங்கிப் பார்க்கட்டும். முப்பது வருஷ அனுபவம் பக்கத்து சீட்டில் இருக்கிறது. அதற்கு விலை கிடையாது!